இரங்கல் புலவர்

ஊரில் ஒரு பெரிய மனிதர் கண்ணை மூடினால், பந்தல்காரருக்கும் ஃபிளெக்ஸ் கடைக்கும் அடுத்தபடியாகப் போன் போவது நம் இரங்கல் புலவருக்குத்தான். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கறுப்புத் துண்டு எந்நேரமும் இஸ்திரி போட்டபடி தயாராக இருக்கும்.

மைக்கைப் பிடித்ததும், "பேச நா எழவில்லை" என்பார். அதற்கப்புறம் முக்கால் மணி நேரத்துக்கு அந்த நா உட்காராது. பாரிக்குக் கபிலரும் அதியமானுக்கு ஔவையாரும் பாடிய கையறுநிலைக்குத் தாமே நேர் வாரிசு என்பது அவர் எண்ணம். அந்தப் பாட்டெல்லாம் சில அடிகளில் முடிந்துவிடும் என்பதை மட்டும் கண்டுகொள்வதில்லை.

தற்குறிப்பேற்ற அணி என்றால் அவருக்கு உயிர். காற்றில் ஆடிய மதுரைக் கொடிகள் கோவலனை 'வராதே' என்று தடுத்ததை வருஷக்கணக்கில் வகுப்பில் நடத்தியவராயிற்றே! இறுதி ஊர்வலத்தில் தூறல் விழுந்தால், "வானமே அழுதது." வெயில் கொளுத்தினால், "அழுது அழுது வானத்துக்கே கண்ணீர் வற்றிவிட்டது."

அடுத்து நாள் பொருத்தம். காமராஜர் மறைந்தது 1975 அக்டோபர் 2, காந்தி ஜயந்தியன்று. பெரியார் 1973-இல் மறைந்த அதே டிசம்பர் 24-இல்தான் 1987-இல் எம்.ஜி.ஆரும் மறைந்தார். தேதி இப்படி ஒத்துழைத்தால் புலவருக்குப் பாதிப் பேச்சு தயார். முன்னாள் சேர்மன் ஒருவரோ ஒன்றுமில்லாத ஒரு நாளில் போய்விட்டார். காலண்டரைப் புரட்டிய புலவர், "பிரதோஷ நாளில் அல்லவா ஈசன் அழைத்துக்கொண்டான்!" என்று தழுதழுத்தார்.

"ஐயா, அவர் கறுப்புச் சட்டைக்காரர்" என்றது முன்வரிசை.

புலவர் அசரவில்லை. "பிரதோஷத்தையும் பொருட்படுத்தாமல் மறைந்த பகுத்தறிவாளர்!"

கைதட்டல் எழுந்தது. இரங்கல் கூட்டத்தில் கைதட்டக் கூடாது என்பது பாதியில்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

உச்சகட்டத்தில் கேள்விகள் பறக்கும். "மறைந்தாரா? யார் சொன்னது? இதோ, நம்மோடு வாழ்ந்துகொண்டிருக்கிறார்!" இறப்புச் சான்றிதழுக்கு மனுக் கொடுத்துவிட்டு நேரே வந்திருந்த மகன் மிரண்டுபோய்ப் பார்த்தார்.

கடைசியில் எப்போதும் ஒரு நினைவலை உண்டு. "ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'புலவரே, உம்முடைய தமிழுக்கு நான் அடிமை' என்றாரே!" மறுத்துச் சொல்ல வேண்டியவர் சட்டத்துக்குள் மாலையோடு சிரித்துக்கொண்டிருப்பார். எந்தத் தலைவர் போனாலும் அவர் கடைசியாகக் கையைப் பிடித்தது புலவருடையதாகவே இருக்கும்.

போன வாரம் முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார். புலவர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனார். சர்க்கரை, பிரஷர் எல்லாம் விசாரித்தார். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தபடி முணுமுணுத்தார். பிறகு கட்டிலருகே குனிந்து கேட்டார்:

"தலைவரே, உங்க பேருக்கு எதுகையே அமைய மாட்டேங்குது. இனிஷியல் என்ன?"

மறுநாள் விடியற்காலையிலேயே எம்.எல்.ஏ. எழுந்து வாக்கிங் போய்விட்டார்.