மசூலாவும் வசூலும்

சென்னை யானைக்கவுனியில் இன்று யானையும் இல்லை, கவுனி என்கிற மதில்வாசலும் இல்லை. யானை போய் வால் மாட்டிக்கொண்ட கதையாக மிஞ்சியிருப்பது வால்டாக்ஸ் ரோடு. அந்த வால் எப்படி மாட்டியது என்று சொல்ல வேண்டுமானால் கடற்கரையில்தான் தொடங்க வேண்டும்.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கப்பல் வியாபாரத்துக்கென்று இங்கே இடம் பிடித்தபோது, கப்பல் நிற்க ஒரு துறை உண்டா என்று பார்த்தார்களா? பார்க்கவில்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்த பிரான்சிஸ் டேக்குச் சாந்தோமில் ஒரு அம்மணி இருந்ததுதான் காரணம் என்று பழைய கிசுகிசு ஒன்று உண்டு. காரணம் எதுவானாலும், அடுத்த இருநூற்றுச் சொச்சம் வருஷம் கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டுக் கரையை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றன.

1770களில் வந்த ஒரு துரையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் உப்புக்கண்டமும் புழுத்த பிஸ்கோத்தும் தின்றவர். ஒருநாள், ஒரே ஒருநாள், மண்ணில் கால் வைத்தால் போதும் என்று நிற்கிறார். அவரை வரவேற்க முதலில் வருவது கட்டுமரம். அதில் கோவணத்தோடு ஒருவர், தலையில் கூம்புத் தொப்பி. தொப்பியைக் கழற்றினால் உள்ளே நனையாத கடிதம்! சென்னையின் முதல் தபால் பெட்டி ஒரு மீனவரின் தலைதான். கப்பலில் இருந்த சீமாட்டிகள் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். எவ்வளவு நேரத்துக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அடுத்து மசூலா படகு. ஓர் ஆணிகூடக் கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தது. ஆணி அடித்த படகு அலையில் தரைதட்டினால் பிளந்துவிடும், தைத்தது வளைந்துகொடுக்கும். உலகத்தையே சுற்றி வந்த மாலுமிகள் தங்கள் படகைக் கப்பலோடு கட்டிவைத்துவிட்டு, துணிபோலத் தைத்த இந்தப் படகில் சாமியைக் கும்பிட்டு ஏறினார்கள்.

கரைக்கு முன்னால் அலை வரிசைகட்டி நிற்கும். அந்த வரிசைக்கு நடுவில்தான் வசூல். படகுக்காரர் துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னா தொர, மேல போட்டுக் குடு" என்று கேட்டால் எந்தத் துரை பேரம் பேசுவார்? மீட்டருக்கு மேல் கேட்கும் கலையை ஆட்டோக்காரர்கள் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒன்று சொல்ல வேண்டும்: படகு கவிழ்ந்தால் தூக்கிவர, கூடவே கட்டுமரக்காரர்கள் வருவார்கள். உயிரைக் காப்பாற்றியவர்களுக்குப் பதக்கமும் உண்டு. கட்டணம் அதிகம், சேவை சுத்தம்.

கடல் நனைத்த துரையைக் கரையில் துபாஷி காயவைத்தார். துபாஷி என்றால் இரண்டு பாஷைக்காரர்: ஒன்று துரையிடம் விலை சொல்ல, மற்றது கடைக்காரரிடம் கமிஷன் பேச.

கையில் மிஞ்சியதோடு துரை மேற்கே நடந்தால் யானைக்கவுனியில் புத்தம்புது மதில் நிற்கும். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி ஊர்க்காரர்கள் வாழ்ந்த கருப்பர் நகரத்துக்குள் புகுந்து இரண்டு மாதம் உட்கார்ந்துவிட்டுப் போனார். 1769இல் ஹைதர் அலி பரங்கிமலைவரை வந்து வணக்கம் வைத்தார். அதற்குப் பிறகுதான் கம்பெனிக்கு மதில் ஞாபகம் வந்தது. கான்ட்ராக்ட் எடுத்தவர் பால் பென்ஃபீல்ட். கம்பெனி என்ஜினியராக வந்தவர், பின்னாளில் ஆற்காட்டு நவாப்புக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தார். எட்மண்ட் பர்க் 1785இல் லண்டன் பார்லிமென்டில் இவரை எண்ணெயில்லாமல் வறுத்தெடுத்தார்.

மதில் செலவை ஊர்க்காரர்கள் தலையில் கட்ட ஒரு வரியும் போட நினைத்தார்கள். அதுதான் வால்டாக்ஸ். மசூலாவில் துரைமாரிடம் வசூலித்த ஊர், துரைமார் வசூலுக்கு வந்தபோது கையை விரித்துவிட்டது. வரி கடைசிவரை வசூலாகவில்லை. ரோட்டுக்குப் பெயர் மட்டும் நிலைத்தது. மதிலில் ஒரு துண்டு இன்றும் பழைய ஜெயில் ரோட்டில் மாடிப்பூங்காவைச் சுமந்துகொண்டு நிற்கிறது. வால்டாக்ஸ் ரோட்டுக்கு இப்போது வ.உ.சி. சாலை என்று பெயர். சுதேசிக் கப்பல் விட்டவருக்கு, கடல் கண்ணில் படாத தெருவாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பொழுது சாய்ந்தால் துரை திரும்ப வேண்டும். அலை மிஞ்சினால் கொடிமரத்தில் கொடி ஏறும், படகு போகாது. ஒருநாள் தங்க வந்தவர் துபாஷி செலவில் (அதாவது தன் செலவில்) இன்னும் சிலநாள் தங்குவார்.

இந்தக் கூத்து போதும் என்று 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசரை வரவழைத்துத் துறைமுகத்துக்குக் கல் நாட்டினார்கள். 1881 நவம்பர் புயல், கட்டியதில் பெரும்பகுதியைப் பிய்த்துப் போட்டது. விடாமல் திரும்பக் கட்டினார்கள். மசூலாவுக்கு வேலை போயிற்று, துரைமார் நனையாமல் இறங்கினார்கள்.

ஆனால் இந்தக் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நடந்துகொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போக, வடக்கே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர்வரை கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. கம்பெனிக்குக் கட்டாத வரியைக் கடல் வீடு வீடாக வந்து வாங்கியது. அதைத் தடுக்க அந்தக் கரை நெடுகிலும் பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே பல இடங்களில் இன்று மசூலா வந்தாலும் இறங்க மணல் கிடையாது.