போசனா, போட்ஸ்வெயினா?

கேள்வி: கப்பலில் மேல்தள மாலுமிகளுக்குத் தலைவனை, துறைமுகத்தில் வேலை பார்த்த என் மாமனார் 'போசன்' என்கிறார். கப்பல் படிப்பு படிக்கும் மகனோ, "அது போட்ஸ்வெயின், தாத்தா" என்று திருத்துகிறான். நான் யார் பக்கம் பேச?
– ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: மாமனார் பக்கமே பேசுங்கள், அம்மா! எழுதுவதுதான் போட்ஸ்வெயின், ஆங்கிலேய மாலுமிகளே சொல்வது போசன். படகைச் செலுத்தும் காக்ஸ்வெயினும் அப்படித்தான், வாயில் காக்சன். காற்றிலும் அலையிலும் கத்திக் கூப்பிடுகிறவனுக்கு நீளப் பெயர் கட்டுப்படியாகுமா? மகன் ஏட்டில் படித்தான், தாத்தா காதால் கற்றார். சொல்லப்போனால், 1697இல் வெளிவந்த ஆங்கிலேய மாலுமி டாம்பியரின் பயண நூலிலேயே நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குள் போய்விட்டது. அதை அவர்கள் 'கேட்டமரான்' என்கிறார்கள். காசிமேட்டு மீனவர் யாரும் போய்த் திருத்தவில்லை. பேரனை ஒரு சாயங்காலம் தாத்தாவோடு உட்கார வையுங்கள். செராங், தண்டல் என்று இன்னும் எத்தனையோ கப்பல்கார வார்த்தைகள் அவரிடம் இருக்கும்.