நேராக இறங்கும் போர் விமானம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: 2025 ஜூனில் திருவனந்தபுரத்தில் இறங்கிய பிரிட்டிஷ் எஃப்-35பி விமானம் ஐந்து வாரத்துக்கு மேல் அங்கேயே நின்றது. நின்ற இடத்திலிருந்தே எழும்பும் விமானம் என்கிறார்களே, ஏன் எழும்பிப் போகவில்லை?
– நாகர்கோவில் வாசகர்

ப: பழுதான விமானம் ஓடியும் எழும்பாது, நேராகவும் எழும்பாது. ஜூன் 14 இரவு, எச்.எம்.எஸ். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கப்பலைச் சேர்ந்த அந்த விமானம் மோசமான வானிலையில் கப்பலுக்குத் திரும்ப முடியாமல் கரையில் இறங்கியது. அதன்பிறகுதான் ஹைட்ராலிக் கோளாறு தெரிந்தது. பிரிட்டனிலிருந்து பொறியாளர்கள் வந்து சரிசெய்த பின், ஜூலை 22 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வினை நோக்கிப் புறப்பட்டுப் போனது.

கோளாறே இல்லாமல் இருந்திருந்தாலும் அது நேராக எழும்பியிருக்காது. எஃப்-35பி முழுச் சுமையோடு சுமார் 27,000 கிலோ. அதன் எஞ்சினும் விசிறியும் சேர்ந்து கீழ்நோக்கித் தரும் உந்துவிசை 18,000 கிலோவைச் சற்றே தாண்டும். மீதி எடையை யார் தூக்குவது? இறக்கைகள்தான். அதற்கு விமானம் கொஞ்ச தூரம் ஓடியே ஆக வேண்டும்.

கே: அப்படியானால் அந்தத் திறமை எதற்கு?
– மதுரை வாசகி

ப: இறங்குவதற்கு. புறப்படும்போது டாங்க் நிறைய எரிபொருள், வயிறு நிறைய குண்டுகள். திரும்பும்போது இரண்டும் தீர்ந்து விமானம் பல ஆயிரம் கிலோ இளைத்திருக்கும். அப்போது உந்துவிசை மட்டுமே அதைத் தாங்கும். ஆகவே குறைந்த தூரம் ஓடிக் கிளம்புவது, நேராக இறங்குவது என்பதே இவற்றின் அன்றாட வழக்கம். விமானக் கண்காட்சியில் நேராக எழும்பிக் காட்டும்போது எரிபொருளைக் குறைத்து, ஆயுதங்களை இறக்கிவைத்துவிட்டுத்தான் காட்டுவார்கள்.

சாதாரண விமானம் முதலில் தரையைத் தொடும், பிறகு நிற்கப் போராடும். கப்பலில் அந்தப் போராட்டத்துக்குக் கொக்கியும் கம்பி வடமும் வேண்டும். எஃப்-35பிக்கு முன் வந்த, பிரிட்டனின் ஹாரியர் விமானம் முதலில் காற்றிலேயே நின்றுவிடும், பிறகு இறங்கும். ஆடும் கப்பலில், மழையில், இரவில், இந்த வரிசை மாற்றம் பெரிய வரம்.

கே: கப்பலின் முனையை மேல்நோக்கி வளைத்துக் கட்டியிருக்கிறார்களே, அது இந்த விமானங்களுக்காகவா?
– தூத்துக்குடி வாசகர்

ப: ஆமாம், அதற்காகத்தான் பிறந்தது. டக் டெய்லர் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1970-களில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு அது. சரிவில் ஏறித் தாவும் விமானத்துக்கு, முழு வேகம் பிடிக்கக் கூடுதலாகச் சில நொடிகள் காற்றில் கிடைக்கின்றன. அந்தச் சில நொடிகளால் அதே விமானம் கூடுதல் சுமையோடு கிளம்ப முடிகிறது. கூடுதல் எஞ்சின் வேண்டாம், கூடுதல் எரிபொருள் வேண்டாம், வளைத்த இரும்பு போதும். விமானவியலில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய பலன் தந்த யோசனைகள் குறைவு என்பது என் கருத்து.

எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் கப்பலில் 12 டிகிரி சரிவு கட்டினார்கள். அதே கப்பல் 1987-ல் ஐ.என்.எஸ். விராட் ஆக நம் கடற்படைக்கு வந்தது. இன்று விக்ரமாதித்யாவிலும் 2022-ல் சேவைக்கு வந்த விக்ராந்திலும் சரிவு உண்டு. அவற்றிலிருந்து கிளம்பும் மிக்-29கே நேராக இறங்கத் தெரியாத விமானம். ஹாரியருக்காகப் போட்ட சரிவு மற்ற விமானங்களுக்கும் சொந்தமாகிவிட்டது.

கே: முதலில் யாருக்கு இந்த யோசனை வந்தது?
– சேலம் மாணவர்

ப: பலருக்கு வந்தது, பலரும் தோற்றார்கள். 1954-ல் அமெரிக்காவின் கான்வேர் நிறுவனம் வாலை ஊன்றி நிமிர்ந்து நிற்கும் ‘போகோ’ விமானத்தைப் பறக்கவிட்டது. ஏறியது, பறந்தது, இறங்கவும் செய்தது. ஆனால் இறங்கும்போது விமானி மல்லாந்த நிலையில், தோளுக்குப் பின்னால் திரும்பித் தரையைப் பார்த்தபடி இறக்க வேண்டும். தேர்ந்த சோதனை விமானிக்கே கடினமான வித்தை. சாதாரணப் படை விமானியிடம் அதைக் கொடுக்க முடியாது.

பிரான்சின் டசால்ட் நிறுவனம் வேறு வழியில் போனது. பறக்க ஓர் எஞ்சின், தூக்க மட்டும் எட்டுச் சிறு எஞ்சின்கள். 1966-ல் அந்த மிராஜ் விமானம் ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தைத் தொட்டது. ஆனால் மேலே போனதும் அந்த எட்டும் வெறும் சுமை. எரிபொருளும் ஆயுதமும் இருக்க வேண்டிய இடத்தில் தூங்கும் எஞ்சின்களைச் சுமந்து எந்தப் போருக்குப் போவது?

விடை பிறந்தது மிஷெல் விபோ என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளரின் மனத்தில். தூக்கவும் தள்ளவும் ஒரே எஞ்சின், காற்று வெளியேறும் குழாய்களை மட்டும் திருப்பினால் போதும் என்றார் அவர். பிரிட்டனின் பிரிஸ்டல் நிறுவனத்தில் ஸ்டான்லி ஹூக்கர், கார்டன் லூயிஸ் குழுவினர் அந்த எண்ணத்தைச் செதுக்கி ‘பெகாசஸ்’ எஞ்சினாக ஆக்கினார்கள். நான்கு குழாய்கள்: முன்னிரண்டில் விசிறியின் குளிர்ந்த காற்று, பின்னிரண்டில் எரிந்த வாயு. நான்கும் ஒன்றாகத் திரும்பும். அதற்கென விமானி அறையில் கூடுதலாக வைத்தது ஒரே ஒரு நெம்புகோல். இந்த எளிமைதான் ஹாரியரை வாழவைத்தது.

1960 அக்டோபர் 21 அன்று, டன்ஸ்ஃபோல்டில், கம்பிகளால் தரையோடு கட்டிய நிலையில் அதன் முன்னோடி பி.1127 முதன்முறை எழும்பியது. ஓட்டியவர் பில் பெட்ஃபோர்ட், கார் விபத்தில் அடிபட்ட காலில் மாவுக்கட்டோடு! 1969-ல் ஹாரியர் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தது.

கே: அந்தரத்தில் நிற்கும்போது இறக்கையில் காற்றோட்டமே இல்லை. பிறகு எப்படிச் சாயாமல் நிற்கிறது?
– கோவை வாசகி

ப: கூர்மையான கேள்வி. வேகம் இல்லாவிட்டால் இறக்கை மடிப்புகளும் வால் துடுப்பும் செத்த உறுப்புகள். அதனால் எஞ்சினின் கம்ப்ரஸரிலிருந்து அழுத்தக் காற்றைக் குழாய் வழியாக மூக்கு, வால், இரு இறக்கை நுனிகள் வரை கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். விமானி கட்டுப்பாட்டுக் கோலை அசைத்தால் அந்தந்த நுனியில் காற்று பீறிட்டு விமானத்தைச் சரிசெய்யும். ஹாரியரில் இது பெரும்பாலும் விமானியின் கைவேலை. துடைப்பத்தை விரல் நுனியில் நிறுத்திக்கொண்டே நடப்பதைப் போன்றது. எஃப்-35பியில் நொடிக்குப் பல முறை திருத்தம் செய்வது கணினி. எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது மட்டும் விமானி.

இன்னொரு நுட்பமும் உண்டு. சுழலும் எஞ்சின் பம்பரத்தைப் போல விமானத்தைத் தன் பக்கம் இழுக்கும். பெகாசஸின் இரு சுழல் பகுதிகளையும் எதிரெதிராகச் சுழலவிட்டு அந்த இழுப்பை ஈடுசெய்தார்கள்.

கே: எஃப்-35பியின் முதுகில் திறக்கும் பெரிய கதவுக்குள் என்ன இருக்கிறது?
– பெங்களூரு பொறியாளர்

ப: ஒரு விசிறி, இந்த விமானத்தின் உயிரே அதுதான். விமானியின் முதுகுக்குப் பின்னால், கிடைமட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிராய்ச் சுழலும் இரண்டு அடுக்குகள். பின்னாலிருக்கும் எஞ்சினிலிருந்து நீண்ட ஷாஃப்ட் ஒன்று வந்து, கிளட்ச், கியர்பாக்ஸ் வழியாக இதைச் சுழற்றுகிறது. அந்த ஷாஃப்ட் கடத்தும் சக்தி சுமார் 29,000 குதிரைத்திறன். அதே நேரத்தில் எஞ்சினின் வால்குழாய் மூன்று வளையங்களில் முறுகி, சில நொடிகளில் கீழ்நோக்கித் திரும்பிவிடும். இறக்கைகளுக்கு அடியில் இரு சிறு காற்றுக் குழாய்கள் பக்கவாட்டுச் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும்.

எஞ்சினே அவ்வளவு வலுவானது, விசிறி எதற்கு என்று கேட்பீர்கள். உந்துவிசை என்பது தள்ளும் காற்றின் அளவையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது. ஆனால் செலவாகும் ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறும். ஆகவே கொஞ்சக் காற்றை வெறித்தனமாகத் தள்ளுவதைவிட, நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளுவது லாபம். ஹெலிகாப்டரின் விசிறி அவ்வளவு அகலமாக இருப்பதும் இதனால்தான். லாக்ஹீட் நிறுவனத்தின் பால் பெவிலாக்வா, எஞ்சினின் ஆற்றலில் ஒரு பங்கை எடுத்துக் குளிர்ந்த காற்றைத் தள்ள வைத்தார். எரிபொருளைக் கூட்டாமலே, தூக்கும் விசை ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது.

எஃப்-35 ஒப்பந்தத்துக்கான போட்டியில் இருந்த போயிங்கின் எக்ஸ்-32பி ஹாரியர் வழியிலேயே போனது. கீழே அடித்த சூடான வாயு மீண்டும் எஞ்சினுக்குள் புகுவது அதற்குத் தீராத் தலைவலி. சூடான காற்றைக் குடித்தால் எஞ்சின் வலு குறையும், அதுவும் தரைக்குச் சில அடி மேலே. எஃப்-35பியின் முன்னோடியான லாக்ஹீட்டின் எக்ஸ்-35பி 2001 ஜூலையில் ஒரே பயணத்தில் குறைந்த தூரம் ஓடி எழும்பி, ஒலியைத் தாண்டி, நேராக இறங்கிக் காட்டியது. அக்டோபரில் ஒப்பந்தம் அதற்கே.

கே: அந்த வளையும் வால்குழாய் ரஷ்யாவின் யாக்-141-லிருந்து எடுத்ததுதானே?
– திருச்சி வாசகர்

ப: முழு உண்மை அல்ல. யாக்-141-ல் அது இருந்தது, 1990-களின் தொடக்கத்தில் லாக்ஹீட் யாகோவ்லெவ் நிறுவனத்தோடு ஒப்பந்தமும் செய்தது. ஆனால் 1970-களின் தொடக்கத்திலேயே கான்வேர் வரைந்த விமானத்தில் அந்தக் குழாய் உண்டு. யாக்-141 தூக்குவதற்கு முன்பகுதியில் தனி எஞ்சின்களை வைத்திருந்தது. எஃப்-35பியில் ஷாஃப்ட் சுழற்றும் விசிறி. அடிப்படையே வேறு.

கே: ஃபாக்லாந்து போரில் ஹாரியர்கள் காற்றில் சட்டென்று நின்று, பின்னால் வந்த எதிரியை முன்னே போகவிட்டுச் சுட்டனவாமே?
– யாழ்ப்பாண வாசகர்

ப: அழகான கதை, நடக்கவில்லை. 1982-ல் ஹாரியரின் கடற்படை வடிவமான சீ ஹாரியர்கள் 20 அர்ஜென்டினா விமானங்களை வீழ்த்தின, வான் சண்டையில் ஒன்றைக்கூட இழக்கவில்லை. காரணம் விமானிகளின் பயிற்சி, அமெரிக்கா தந்த புதிய சைட்வைண்டர் ஏவுகணை, எரிபொருள் விளிம்பில் வெகுதூரம் பறந்து வந்த எதிரிகள். ஆனால் நேராக இறங்கும் திறன் வேறு வகையில் உதவியது. தென் அட்லாண்டிக்கின் மூடுபனியிலும் அலையிலும் அவை கப்பலுக்குத் திரும்பிக்கொண்டே இருந்தன.

கே: நம் கடற்படையும் சீ ஹாரியர் வைத்திருந்தது. எப்படி இருந்தது அனுபவம்?
– சென்னை, முன்னாள் கடற்படை வீரர்

ப: என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும். 1972-லேயே பழைய விக்ராந்தில் ஒரு ஹாரியர் இறங்கிக் காட்டியது. 1983-ல் முதல் விமானங்கள் கோவாவுக்கு வந்தன. ‘வெள்ளைப் புலிகள்’ என்ற 300-ஆவது படைப்பிரிவு அவற்றை 2016 மே வரை பறக்கவிட்டது.

விலை கொடுத்தோம். வாங்கியவற்றில் ஏறத்தாழ பாதி விபத்துகளில் போயின, விமானிகளையும் இழந்தோம். இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்க மரைன் படையின் ஹாரியர் விபத்துகளில் 45 பேர் இறந்ததை லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் 2002-ல் விரிவாக எழுதியது. அந்தத் தொடருக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. இறக்கையால் பறப்பதிலிருந்து எஞ்சினால் நிற்பதற்கு மாறும் அந்தச் சில நொடிகளில் ஒரு தவறு நேர்ந்தால், திருத்திக்கொள்ள உயரமும் இல்லை, வேகமும் இல்லை. சோவியத் யாக்-38 விமானத்தில், அளவுக்கு மீறிச் சாய்ந்தால் விமானியைக் கேட்காமலே இருக்கை அவரை வெளியே வீசிவிடும்படி வைத்திருந்தார்கள். அந்த ஏற்பாட்டைக் கடுமை என்பவர்கள் உண்டு. எத்தனையோ உயிர்களைக் காத்த ஏற்பாடு என்றே நான் சொல்வேன்.

கே: வெயில் நாட்டில் இவற்றுக்குச் சிரமம் என்பது உண்மையா?
– வேலூர் வாசகி

ப: உண்மை. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, எஞ்சின் வலு இறங்கும். ஹாரியர் நேராக இறங்குகையில் எஞ்சினுக்குள் தண்ணீர் பீய்ச்சிக் குளிர வைப்பார்கள். அந்தத் தண்ணீர் சுமார் 90 நொடிக்குத்தான் வரும். அதற்குள் இறங்கியாக வேண்டும். பயன்படுத்தாத குண்டோடு திரும்பினால் எடை தாங்காமல் அதைக் கடலில் போட வேண்டிய நிலையும் உண்டு. அதனால்தான் பிரிட்டிஷார் எஃப்-35பியை மெதுவாக முன்னே நகரவிட்டு, இறக்கையின் உதவியோடு கப்பலில் இறக்கும் முறையை 2018-ல் சோதித்தார்கள்.

கே: சிங்கப்பூர் ஏன் எஃப்-35பி வாங்குகிறது? எங்களிடம் விமானந்தாங்கிக் கப்பல் இல்லையே?
– சிங்கப்பூர் வாசகர்

ப: உங்கள் தீவே காரணம். சிறிய நாட்டில் ஓடுதளங்கள் சில, எதிரி அவற்றைக் குண்டு வீசிக் குழியாக்கினால் சாதாரண விமானங்கள் முடங்கும். மிச்சமிருக்கும் சிறு துண்டுப் பாதையிலும் இது கிளம்பும், இறங்கும்.

கே: அப்படியானால் இந்தியாவும் வாங்கலாமே?
– புதுச்சேரி வாசகர்

ப: வேண்டாம் என்பேன். விசிறி, ஷாஃப்ட், கதவுகள் எல்லாவற்றையும் பயணம் முழுக்கச் சுமக்க வேண்டும். ஓடுதளத்தில் இறங்கும் எஃப்-35ஏ உள்ளே சுமக்கும் எரிபொருள் சுமார் 8,300 கிலோ, எஃப்-35பிக்குச் சுமார் 6,100 கிலோ. உள்ளறையில் வைக்கும் குண்டின் எடையும் பாதி. சிறு தளமுள்ள கப்பலுக்கு அந்த இழப்பு தகும். நம்மிடம் கொக்கி, கம்பி வடம் கொண்ட பெரிய கப்பல்கள் இரண்டு இருக்கின்றன, அவற்றுக்கு 26 ரஃபேல் விமானங்களுக்கு 2025-ல் ஒப்பந்தமும் ஆகிவிட்டது.

கே: ஹாரியரை நேரில் பார்க்க எங்கே போகலாம்?
– ஈரோடு, பள்ளி மாணவி

ப: கோவாவில் கடற்படை விமான அருங்காட்சியகம். போனால் மூக்கின் முன் நின்று படம் எடுத்துவிட்டு வந்துவிடாதே. பக்கவாட்டில் குனிந்து அந்த நான்கு குழாய்களைப் பார். பிறகு இறக்கை நுனிக்குப் போய்க் காற்று பீறிடும் சிறு திறப்பைத் தேடு.