தார்சாவும் தாய்ப்பத்திரமும்

நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்த காலத்தில் சங்கரன்கோவிலில் ஒருவர் வீட்டை விற்கிறார் என்றால் குடும்பம் நொடித்துவிட்டது என்றே ஊர் பேசும். தரகர் இருட்டிய பிறகுதான் வருவார். வாங்குகிறவருக்கும் மனசு கேட்காது. கண்ணீர் விட்ட வீடு நமக்கு ஆகுமா என்று யோசிப்பார். வெள்ளையடித்துப் பால் காய்ச்சிக் குடியேறிவிட்டால் பேரன் தலைமுறை வரை அந்த வீடு கைமாறாது. இன்று அதே தெருக்களில் பழைய வீட்டை வாங்கி, சரிபண்ணி, விற்றுவிடுவது ஒரு தொழில்.

சென்னையில் இருக்கும் என் மாமா மகனும் அந்த யோசனையோடுதான் வந்தான். “அத்தான், ரத வீதிக்குப் பக்கத்துலேயே இருக்கு. வாங்கிப் போட்டு வேல பாத்து வித்துருவோமா?” என்றான். இருவரும் போய்ப் பார்த்தோம். திண்ணை, தார்சா, பட்டாசால், அடுக்களை என்று நீளவாக்கில் போகும் மட்டப்பா வீடு. பின்கட்டில் விசைத்தறி ஓட்டியிருக்கிறார்கள்; அந்த அதிர்விலேயே நடுச்சுவர் விரிசல் விட்டிருந்தது.

அந்த மட்டப்பாவை அன்று எப்படிப் போட்டார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, மேலே செங்கலைக் குத்துக்கல்லாகச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடிப்பார்கள். நாள்கணக்கில் அந்தச் சத்தம் தெருவில் கேட்கும். அந்தக் கூரை வெயிலை உள்ளே விடாது.

பின்னால் வந்தவர்கள் ஒழுகுகிறதென்று அதன்மேல் சிமெண்ட் பூசினார்கள். சுண்ணாம்புக்கு ஈரத்தை வெளியே விடும் குணம் உண்டு, சிமெண்டுக்கு அது கிடையாது. உள்ளே சிக்கிய ஈரம் சுவருக்குள் இருக்கும் கட்டை நுனியைத் தின்கிறது. பட்டாசாலில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு கட்டையின் நுனியைக் குத்திப் பார்த்தோம். நடுவில் வயிரம் பாய்ந்திருந்த தேக்கு, சுவரைத் தொடும் இடத்தில் மாவாக உதிர்ந்தது. இதைச் சீர்செய்யத் தெரிந்த சுண்ணாம்புக் கொத்தனார்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பத்திரத்திலும் காலம் மாறியிருக்கிறது. அன்று அண்ணன் தம்பி கையெழுத்துப் போட்டால் கிரயம் முடிந்தது. அக்காமாருக்கு ஒரு சேலை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் திருத்தியது. அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அதில் இடம் இருக்கவில்லை. நாடு முழுவதற்கும் 2005-இல் திருத்தம் வந்தது. அந்த உரிமை பிறப்பிலேயே வருவது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இது நியாயம், தாமதமாக வந்த நியாயம். எனவே மகள் மும்பையில் இருந்தாலும் அவள் கையெழுத்தும் வேண்டும். கோயில் ஊர் என்பதால், அடிமனை தேவஸ்தானத்துடையதா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

பிறகு கணக்கு. பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்தாலும், முத்திரைத் தீர்வையோடு சேர்த்து 9 சதவீதம் கட்ட வேண்டும். 30 லட்சத்துக்கு வாங்கினால் 2,70,000 ரூபாய். நம்மிடம் வாங்குகிறவருக்கும் அதே செலவு உண்டு. அதை அவர் பேரத்தில் கழித்துவிடுவார். 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் குறுகிய கால ஆதாயமாகி, மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு வரும்.

இத்தனையும் போக மிஞ்சுமா என்பதற்குத் தரகர் ஒரே வரியில் பதில் சொன்னார்: “அண்ணாச்சி, வீட்டைப் பாக்காதிய, இடத்தைப் பாருங்க. இங்க சென்டுக்குத்தான் வெல.” அவர் சொன்னது உண்மை. புதுச்சேரியிலும் காரைக்குடிப் பக்கத்திலும் பழைய வீட்டுக்கென்றே ஆள் வருகிறார்கள். அங்கே அவை தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன. சங்கரன்கோவிலுக்கு ஆடித்தபசுக்குக் கூட்டம் வரும், கோமதியம்மனைக் கும்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிடும். இங்கே தேக்குக் கட்டைக்கும் சுண்ணாம்புக்கும் நாம் போடும் பணத்தை அடுத்து வாங்குகிறவர் தரமாட்டார்; அவர் இடித்துக் கட்ட வருகிறவர்.

அதனால் மாமா மகனிடம் வேண்டாம் என்றேன். விற்பதற்காக என்றால் வேண்டாம். குடியிருக்க என்றால் கடன் வாங்கியாவது வாங்கு என்றும் சொன்னேன். இந்த ஊரின் மட்டப்பா வீடுகள் குடியிருக்க வருகிறவர்கள் கையில்தான் பிழைக்கும். அப்படி வருவதானால், சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கேளுங்கள். வாரிசுகள் அத்தனை பேரும், பெண்மக்கள் உட்பட, சம்மதம் சொல்லும்வரை ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.