சம்பளமில்லாத் தொழில்நுட்ப ஆலோசகர்

அரசு அலுவலகத்தில் பதவி உயர்வு பெறத் திறமை வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். நல்ல ஜீரணசக்தி போதும். மேலே இருப்பவர் ஓய்வு பெறும்வரை நாம் உயிரோடும், ஒழுங்கு நடவடிக்கை எதிலும் சிக்காமலும் இருந்தால், முதுநிலைப் பட்டியல் தானாக நம்மை மேலே தள்ளிவிடும். நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். பவானிசாகருக்கு அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அணையையும் பார்த்து, கோப்பு எழுதவும் கற்றுக்கொண்டு வந்தேன். மாவட்ட அலுவலக நடைமுறை நூல் தேர்வு எழுதினேன். உதவியாளர் ஆனேன், கண்காணிப்பாளர் ஆனேன். இத்தனை வருடத்தில், “நீ என்ன சாதித்தாய்?” என்று கேட்டு யாரும் என் மனதைப் புண்படுத்தியதில்லை.

என் மனைவியிடம் வருடா வருடம் கேட்கிறார்கள். அவள் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் இன்ஜினியர். அப்ரைசல் மாதம் வந்தால் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூடாது. தான் செய்ததைத் தானே எழுதி, தனக்குத் தானே மதிப்பெண் போட்டு, அதை மேனேஜர் குறைப்பதற்கு வசதியாக அனுப்ப வேண்டும். “பணம் கட்டும் பக்கத்தைச் சரிசெய்தேன்” என்று எழுதினால் செல்லாதாம். அதனால் எத்தனை பேருக்கு என்ன பயன், பிழை எவ்வளவு குறைந்தது என்று எண்ணிக்கையில் சொல்ல வேண்டுமாம். அவளுக்குத் தற்பெருமை வராது. எனக்கு அதைத் தவிர வேறெதுவும் வராது. ஆகவே வரைவு தயாரிக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். “மேற்படி பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்குப் பணிந்து சமர்ப்பிப்பது யாதெனில்” என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“ஏங்க, இது அப்ரைசலா, பட்டா மாறுதல் மனுவா?”

அவர்கள் உலகத்தில் ஏணியும் இரண்டு. ஒன்றில் ஏறினால் மேனேஜர், ஆட்களை மேய்க்கலாம். இன்னொன்றில் ஏறினால் கடைசிவரை இன்ஜினியராகவே இருந்து, மேனேஜருக்குச் சமமான சம்பளம் வாங்கலாம். வேலை தெரிந்தவரை வேலை தெரிந்த இடத்திலேயே விட்டுவைப்பது என்ற இந்த ஏற்பாட்டை முதலில் கேட்டபோது, இது சட்டப்படி செல்லுமா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது.

சந்தேகம் நிறைய வரும். ஒருமுறை, “இந்த வேலை எப்போ முடியும்?” என்று கேட்டேன். “அது எட்டு பாயிண்ட்” என்றாள். வேலை எவ்வளவு பெரிது என்று சொல்லும் கணக்காம். 1, 2, 3, 5, 8, 13 என்று ஓடும் ஃபிபனாச்சி எண்களைச் சீட்டில் அச்சடித்து, டீமில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு சீட்டைக் காட்டுவார்களாம். சீட்டுகள் ஒத்துப்போகாவிட்டால் பேசிவிட்டு மறுபடி காட்ட வேண்டும். 2002இல் ஜேம்ஸ் கிரெனிங் என்பவர் கொண்டுவந்த முறை இது. வேலை பெரிதாக ஆக நம் ஊகமும் தடுமாறும், அதனால்தான் எண்களுக்கு நடுவே இடைவெளியும் பெரிதாகிறது என்று விளக்கினாள். முப்பது நாளில் பதில் தருவோம் என்று மனுதாரருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்டாடும் எனக்கு, இப்படித் தேதியே இல்லாமல் பதில் சொல்லும் நாகரிகத்தின்மேல் தீராத பொறாமை.

இன்னொரு முறை அவள் புராஜெக்ட் தாமதமானது. “கூடுதல் பணியிடம் கேட்டு முன்மொழிவு அனுப்ப வேண்டியதுதானே?” என்றேன், முப்பது வருட நிர்வாக அனுபவத்தோடு. சிரித்தாள். ஐபிஎம் கம்பெனியின் ஓஎஸ்/360 என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் வேலையை நடத்திய ஃபிரெடரிக் புரூக்ஸ், தாமதமான சாஃப்ட்வேர் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975லேயே புத்தகம் போட்டுவிட்டாராம். புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர்கள் உட்கார வேண்டும். அதற்கு மேல், ஐந்து பேர் என்றால் அவர்களுக்குள் பேச்சுத் தொடர்பு 10. பத்துப் பேர் என்றால் 45. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமையல் தாமதமானபோது உதவிக்குப் போனேன். கடுகு எங்கே, பெருங்காயம் எங்கே, எந்தக் கரண்டி என்று நான் விசாரித்து முடிப்பதற்குள் மணி மூன்றாகிவிட்டது. புரூக்ஸ் கெட்டிக்காரர்.

இப்போது என் புகழின் உச்சத்துக்கு வருகிறேன். அதற்கு அம்மாவிலிருந்து தொடங்க வேண்டும்.

மனைவியின் டீம் செய்த பணம் கட்டும் பக்கத்தில் ஒரு வியாதி. சிலருக்கு ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போய்விடுகிறது. டீமில் உள்ள பையன்கள் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. குறை கண்டுபிடிக்க ஆயிரம் பேரைக் கூப்பிட வேண்டாம், ஐந்து பேரை உட்கார வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்பவர் 2000ஆம் ஆண்டில் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் ஒருவரே போதுமானதாக இருந்தார். சோதனைப் போனை அம்மா கையில் கொடுத்து, “பணம் கட்டுங்க அத்தை” என்றாள் மனைவி. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பட்டனை டொக் டொக் என்று இரண்டு முறை குத்தினார்.

“எதுக்கு அத்தை ரெண்டு தடவை?”

“ஒரு தடவை கூப்பிட்டா இந்த வீட்டுல யாரு வராங்க?”

மனைவி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். பட்டனை அழுத்தியபின் திரை சும்மா இருந்தால் மனிதர் மறுபடி அழுத்துவார். பையன்கள் அழுத்தவில்லை. அவர்களுக்குக் கம்ப்யூட்டர் மேல் நம்பிக்கை உண்டு, அம்மாவுக்கு யார்மேலும் இல்லை.

அன்று இரவு பதினொரு மணி இருக்கும். “கொஞ்சம் இங்க வந்து உட்காருங்க” என்றாள். உட்கார்ந்தேன். லேப்டாப்பைக் காட்டி விளக்கத் தொடங்கினாள். பட்டனை அழுத்தியதும் கோரிக்கை சர்வருக்குப் போகிறது. சர்வர் பணத்தை எடுத்துக்கொண்டு ‘ஆச்சு’ என்று பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் வழியில் தொலைந்தால் இந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மறுபடி அழுத்துவார். அதற்காகத்தான் கோரிக்கையோடு ஒரு தனி எண்ணும் போகும். அதே எண் இரண்டாவது முறை வந்தால் சர்வர் பணத்தைத் தொடாமல் பழைய பதிலையே திருப்பித் தரும்.

எனக்குப் புல்லரித்தது. இது, வரும் மனுக்களுக்கு எண் போட்டுப் பதியும் எங்கள் தன்பதிவேடு அல்லவா! “ஒரே ஆள் ஒரே மனுவைக் கலெக்டருக்கு ஒண்ணு, அமைச்சருக்கு ஒண்ணுன்னு நாலு பக்கம் போடுவான். எல்லாம் சுத்தி எங்க சீட்டுக்கே வரும். பழைய ந.க. எண்ணைப் பார்த்து அதோட சேர்த்துடுவோம்.”

“அதேதாங்க. அந்த நம்பரைத்தான் நாங்களும் போடறோம். எப்போ போடறோம்னா, பட்டனை அழுத்தும்போது...” நிறுத்தினாள். “அழுத்தும்போது! அப்போ ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது நம்பர்ல போகுது. பக்கம் திறக்கும்போதே ஒரு நம்பர் போட்டிருக்கணும்!”

அதற்குப் பிறகு நான் அந்த அறையில் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு அது பெரிதில்லை. இந்திய சாஃப்ட்வேர் துறையை நள்ளிரவில் காப்பாற்றிய களைப்போடு போய்ப் படுத்தேன். மறுநாள் அலுவலகத்தில், மனைவியின் கம்பெனிக்கு நான் தொழில்நுட்ப ஆலோசனை வழங்கிவருவதை, அடக்கமாக, நான்கு பிரிவுகளிலும் தெரிவித்தேன். கேன்டீனில் டீக்குக் காசு வாங்கவில்லை.

இன்ஜினியரிங் படிக்கும் மகனிடமும் சொல்லிவைப்போம், அப்பாவின் மதிப்பு உயரட்டும் என்று நினைத்தேன். முழுக்கக் கேட்டான். “அப்பா, இதுக்கு ரப்பர் வாத்து முறைன்னு பேரு” என்றான். 1999இல் ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் என்ற இருவர் எழுதிய புத்தகத்தில் வருகிறதாம். பிழை பிடிபடாதபோது மேஜைமேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்து, எழுதிய புரோகிராமை வரிவரியாக அதற்கு விளக்க வேண்டும். விளக்கும்போதே பிழை நமக்குத் தெரிந்துவிடும்.

“நடுவுல வாத்து ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டேன்.

“சொல்லாம இருக்கிறதுதாம்பா அதோட ஸ்பெஷாலிட்டி.”

இரவு மனைவியிடம் நேரடியாகவே விளக்கம் கோரினேன். அவள் மறுக்கவில்லை. ஆறுதல்தான் சொன்னாள்: “ரப்பர் வாத்து வீட்டு லோன்ல பாதி கட்டாதுங்க.”

அந்த வருடம் அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இரண்டாவது ஏணியில், ஸ்டாஃப் இன்ஜினியர். பெயர் நீளமாகிவிட்டது, புரோகிராம் எழுதுவது குறைந்துவிட்டது. இப்போதெல்லாம் காலையிலிருந்து சின்னப் பையன்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள். இவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, “ம்... சரி... அப்புறம்?” என்கிறாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து, “ஐயோ மேடம், கிடைச்சிடுச்சு, தேங்க்ஸ்!” நடுவில் இவள் கீரைகூட ஆய்ந்து முடித்திருப்பாள்.

“நான் ஒண்ணுமே சொல்லலைங்க, அவனே கண்டுபிடிச்சுட்டான்” என்று அவள் ஆச்சரியப்பட்டபோது நான் ஆச்சரியப்படவில்லை. அந்தப் பணியிடத்தில் நான் அவளுக்கு சீனியர். என்ன, அவளுக்கு இன்கிரிமென்ட் உண்டு.

போன வாரம் மறுபடி அப்ரைசல் படிவம் வந்தது. உன் வேலைக்கு உதவியவர்கள் யார் என்று ஒரு கட்டம். மூன்று சக ஊழியர்கள் பெயரை அடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் போய் நின்று, தொண்டையைக் கனைத்து, “இன்னும் ஒரு பேருக்கு இடம் இருக்கு போலிருக்கே” என்றேன்.

ஹாலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: “அதுல என் பேரைப் போடச் சொல்லுடா. ரெண்டு தடவை அழுத்தினது நானு.”