பாப்கார்ன் வரிசையில் ஒரு ரசிகன்

எங்கள் வீட்டில் சினிமாவுக்குப் போவதென்றால் பொறுப்புகளைப் பிரித்துக்கொள்வோம். எந்தப் படம் என்பது மகள் முடிவு. எந்த ஸீட் என்பது மகன் முடிவு. எந்த ஷோ என்பது மனைவியின் முடிவு. மிச்சமிருக்கும் ஒரே வேலை பணம் கட்டுவது. அது குடும்பத் தலைவருக்கு. டிக்கெட் விலைக்கு மேல் ‘கன்வீனியன்ஸ் ஃபீ’ என்று ஒன்று வாங்குகிறார்களே, அது யாருடைய வசதிக்கு என்று கேட்டேன். “அப்பா, ஓடிபி சொல்லுங்க” என்றான் மகன்.

வாசலில் பையைத் துழாவுகிறார்கள். வெடிகுண்டுக்காக என்று நினைத்திருந்தேன், முறுக்குக்காகவாம். வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் அளவாக உணவு கொண்டுவரலாம் என்பதும் அதிலேயே உண்டு. பிடிபட்ட கைமுறுக்குப் பொட்டலத்தைக் காட்டி, “குழந்தைக்குத்தாங்க” என்றாள் மனைவி. பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் குழந்தை, தாடியைத் தடவியபடி பக்கத்தில் நின்றது.

என் அப்பா காலத்து டென்ட் கொட்டகையில் முறுக்கு உள்ளேயே விற்கும். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டால் படம் போடப்போகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். தரை டிக்கெட்காரர் மணலைக் குவித்து மேலே உட்காருவார். பின்னால் இருப்பவர் அதைவிட உயரமாகக் குவிப்பார். அவருக்கும் பின்னால் இருப்பவர் இருவரின் பரம்பரையையும் விசாரிப்பார். விசிலும் கூச்சலும் இருந்தாலும் எல்லார் கண்ணும் திரையில்தான். விசிலடிப்பவர்மேல் எனக்கு இன்றுவரை வருத்தமே கிடையாது. அவராவது படம் பார்க்கிறார்!

இப்போது முன்வரிசைக்காரர் கதாநாயகன் அறிமுகமாகும் காட்சியைப் பார்ப்பதில்லை, செல்போனில் பிடிக்கிறார். நானும் அவருடைய செல்போனில்தான் பார்த்தேன். பெரிய திரையை அவர் தலை மறைத்தது. பக்கத்து ஸீட்காரருக்கு ஓர் அழைப்பு. “தியேட்டர்ல இருக்கேன், பேச முடியாது” என்று ஆரம்பித்து, மைத்துனரின் நிலத் தகராறை அடிமுதல் நுனிவரை பேசினார். திரையில் ஓடியதைவிட அதில் திருப்பங்கள் அதிகம். அவர் போனை வைத்ததும், “பத்திரம் யார் பேர்ல சார் இருக்கு?” என்று கேட்டேன். படம் பார்க்க வந்த இடத்தில் பேசுகிறேனே என்று முறைத்தார்.

இடைவேளை விளக்கு எரிந்ததும் மூன்று பேர் என்னைப் பார்ப்பார்கள். ஒரு பாப்கார்ன், ஒரு பஃப்ஸ், ஒரு ஐஸ்க்ரீம். விலைப்பட்டியலைப் பார்த்து நான் திகைத்து நிற்கும்போதே உள்ளே படம் தொடங்கிவிடும். இதில் ஒரு பேரிழப்பு இருக்கிறது. ‘பாட்ஷா’ (1995) வந்த பிறகு, சாதுவாக வரும் கதாநாயகருக்கெல்லாம் பயங்கரமான ஒரு பழைய கதை வைப்பது வழக்கமாகிவிட்டது. அதைப் பெரும்பாலும் இடைவேளை முடிந்ததும் அவிழ்க்கிறார்கள். நான் தட்டோடு இருட்டில் வரிசை தேடி, நாலு பேர் காலை மிதித்து வந்து சேர்கையில் அவர் துப்பாக்கியோடு நிற்பார். “ஏன் சுடறான்?” என்றால், “உஷ்!” என்பாள் மகள்.

க்ளைமாக்ஸும் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. வில்லன் விழுவதற்குள் மனைவி முழங்கையால் இடிப்பாள்: “கூட்டத்துக்கு முன்னாடி போய் வண்டிய எடுத்துடுங்க.”

1944 தீபாவளிக்கு வந்த பாகவதரின் ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. இன்றும் படங்கள் அப்படி ஓடினால் நானும் துண்டு துண்டாகவாவது ஒன்றைப் பார்த்து முடித்துவிடுவேன். இப்போதோ அடுத்த வெள்ளிக்கிழமை தாண்டுவதே பெரும்பாடு.

ஆகவே தியேட்டர் அதிபர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாப்கார்ன் கவுண்டருக்கு மேலே டிவி வைத்து விலைப்பட்டியல் ஓட்டுகிறீர்களே, அதில் படத்தைப் போடுங்கள். வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் டிக்கெட் எடுத்தவர்கள்தான்.