முதல் முந்நூறு பக்கம் மட்டும் பொறுத்துக்கோங்க

ஃபேன்டஸி வாசகரிடம் "இப்போ என்ன படிச்சிட்டிருக்கீங்க?" என்று கேட்கும் முன் மணி பார்த்துக்கொள்வது நல்லது. மற்றவர்கள் புத்தகத்தின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். இவர் எந்தத் தொடர், அதில் எத்தனையாவது வால்யூம், எந்த அத்தியாயம், அந்த அத்தியாயத்தில் நாயகன் எந்த மலைக்கு வடக்கே மாட்டிக்கொண்டிருக்கிறான் என்பது வரை சொல்வார். "சரி, புத்தகம் எப்படி இருக்கு?" என்றால்தான் முகத்தில் ஒரு தயக்கம் வரும். "இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கேன்" என்பார். அடையாளத்துக்குச் செருகிய பஸ் டிக்கெட் அறுநூறாவது பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்.

இந்த இனத்தாரின் அபிப்பிராயம் எப்போதும் அடுத்த வால்யூமில்தான் இருக்கிறது. கையிலிருப்பது நகரவில்லை என்று அவர்களே ஒப்புக்கொள்வார்கள். ஆனால் நம்மை விடமாட்டார்கள். ஸ்டீவன் எரிக்ஸனின் 'மலாஸன்' வரிசையை எனக்குச் சிபாரிசு செய்தவர் சொன்னது இது: "முதல் முந்நூறு பக்கம் மட்டும் பொறுத்துக்கோங்க. ஒண்ணும் புரியாது. புரியலைன்னா சரியா படிக்கிறீங்கன்னு அர்த்தம்." 1999இல் தொடங்கி 2011இல் முடிந்த பத்து வால்யூம் கதை அது. யாருக்கும் யாருக்கும் சண்டை, எதற்காகச் சண்டை என்று ஆசிரியர் லேசில் வாய் திறப்பதில்லை. முகப்பில் கதாபாத்திரப் பட்டியல் உண்டு, கடைசியில் அருஞ்சொற்பொருள் உண்டு. மூன்றாவது வால்யூமில் எல்லாம் பிடிபட்டுவிடும் என்பது ரசிகர்கள் தரும் உத்தரவாதம். மூன்றும் சேர்ந்து இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் வரும். வீட்டுக்கடன் தருகிற வங்கிகூட இவ்வளவு நீண்ட தவணையை நம்பி இறங்காது.

ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' இன்னும் ஒரு படி மேல். 1990 முதல் 2013 வரை பதினான்கு வால்யூம். நடுவில் சில வால்யூம்களில் கதை உட்கார்ந்துவிடும். பாத்திரங்கள் தேநீர் குடிப்பார்கள், பாவாடையைச் சரிசெய்துகொள்வார்கள், நைனீவ் என்ற பெண் கோபம் வந்தால் தன் சடையைத் தானே பிடித்து இழுத்துக்கொள்வாள். அவளுக்குக் கோபம் அடிக்கடி வரும். எதிரிகள் யாரும் அந்தப் பகுதிக்குப் பழி சொல்ல வேண்டியதில்லை. அதற்கு 'இழுவை' என்கிற பொருளில் பெயர் வைத்தவர்களே ரசிகர்கள்தான். பத்தாவது வால்யூமைத் தாண்டியவருக்குக் கூட்டத்தில் தனி மரியாதை. "பிடிச்சிருந்ததா?" என்று அவரை யாரும் கேட்பதில்லை. "முடிச்சிட்டீங்களா!" என்றுதான் கேட்பார்கள்.

பார்த்தவுடன் இவர்களை அடையாளம் காண்பது எளிது. பறக்கும் ரயிலில் ஒருவர் செங்கல் கனத்தில் ஒன்றை மடியில் வைத்து, கதையை விட்டு முன்பக்கம் திரும்பி வரைபடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்தான். மயிலாப்பூரில் இறங்க வேண்டியவர் அந்த வரைபடத்தில் ஆற்றைக் கடந்துகொண்டிருப்பதால் திருவான்மியூர் வரை போய்விடுவார். அட்டையில் முக்காடு போட்ட ஒருவன் நமக்கு முதுகைக் காட்டி நிற்பான். வீட்டில் அம்மாவுக்கு இதனால் ஒரு சந்தேகம் உண்டு. "ஆறு மாசமா அதே புத்தகமாடா?" "இல்லம்மா, இது நாலாவது." "அதே ஆள்தானே நிக்கிறான்?"

சைதாப்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இவர்கள் கூடுவார்கள். அவரவர் அப்போது படிப்பதைப் பற்றி ஆளுக்கு ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. நான் ஃபேன்டஸி வாசகன் அல்லன். வீட்டுக்காரர் நண்பர், அங்கே காபி நன்றாக இருக்கும். காபி கொண்டுவருபவர் அவருடைய பெரியம்மா. வயது எழுபத்தெட்டு, மூட்டு வலி. அதனால் ஏறியவுடன் இறங்காமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார்.

முதலில் பேசுபவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவர் இப்போது படிப்பது டோல்கியனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. போன வருஷமும் அதுதான். கல்லூரிக் காலத்தில் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில் வாங்கியது, அன்றிலிருந்து 'இப்போது படிப்பது' அதுவேதான். 1955இல் அதன் மூன்றாம் பாகம் வந்ததோடு உலகில் கதை எழுதுவது நின்றுவிட்டது என்பது அவர் கட்சி. 1977இல் மகன் கிறிஸ்டோபர் தொகுத்து வெளியிட்ட 'சில்மரில்லியன்' மட்டும் விதிவிலக்கு. அவரிடம் யாரும் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு: பால்ராக் என்ற அந்தத் தீப்பூதத்துக்கு இறக்கை உண்டா இல்லையா? டோல்கியன் முதலில் அதன் நிழல் இறக்கைபோல விரிந்தது என்கிறார். கொஞ்சம் தள்ளி இறக்கையே விரிந்துவிட்டது என்கிறார். பெரியவர் உண்டு கட்சி.

"இறக்கை இருந்தா பாலம் உடைஞ்சப்போ பறந்திருக்கலாமே சார், ஏன் விழுந்துச்சு?" என்பார் எதிரே இருக்கும் மென்பொருள் இளைஞர்.

"அந்தப் பள்ளத்துல இறக்கை விரிக்க இடம் எங்க இருக்கு?"

இதில் ஐந்து நிமிடம், பிறகு இன்னொரு ஐந்து நிமிடம் போகும். காபி ஆறும்.

அந்த இளைஞர் பிராண்டன் சாண்டர்சன் கட்சி. மாயம் என்றால் கோலை நீட்டி மந்திரம் சொல்வது இல்லை, அதற்கு விதி, அளவு, செலவு எல்லாம் இருக்க வேண்டும் என்பது இவர்களின் கொள்கை. 'மிஸ்ட்பார்ன்' (2006) கதையில் உலோகத்தை விழுங்கி வயிற்றில் 'எரித்தால்' சக்தி வரும். எஃகு எரித்தால் சுற்றியுள்ள உலோகத்தைத் தள்ளலாம், இரும்பு எரித்தால் இழுக்கலாம், வெள்ளீயம் எரித்தால் கண்ணும் காதும் கூர்மையாகும். இதை அவர் விரல்விட்டு விளக்கிக்கொண்டிருக்கும்போது பெரியம்மா குறுக்கிட்டார்.

"இரும்பையா திங்கிறான்? அயச்செந்தூரமா?"

"இல்ல பெரியம்மா, இது மேஜிக்…"

"ரத்தசோகைக்கு எனக்கே குடுத்தாங்க. தேன்ல குழைச்சுத் தரணும். சும்மா முழுங்கினா வயிறு கெட்டுடும்."

இளைஞர் இதைச் சிரித்து ஒதுக்கவில்லை. வயிறு கெடுவதைப் பற்றிக் கதையில் ஒரு விதி உண்டு, கலப்படமான உலோகத்தை எரித்தால் உடம்புக்கு ஆகாது என்று மகிழ்ச்சியோடு சொன்னார். இவர்கள் கதையைப் படிக்கும் முறையே தணிக்கை முறை. எங்கேயாவது கணக்கு இடிக்கிறதா என்று பார்ப்பார்கள், இடிக்கவில்லை என்றால் "பிரமாதம்" என்பார்கள். யார் செத்தார், யார் அழுதார் என்பதெல்லாம் அப்புறம்.

சாண்டர்சன் எழுதும் வேகத்தில் இளைஞருக்குச் சொந்தப் பெருமை உண்டு. யாருக்கும் தெரியாமல் நான்கு நாவல் எழுதி வைத்திருக்கிறேன் என்று 2022இல் அந்த மனிதர் அறிவித்து முன்பணம் கேட்க, வாசகர்கள் நான்கு கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள். இந்தக் கதையை அவர் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் ஒருவர் தலையைக் குனிந்துகொள்வார்.

அவர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் வாசகர். ஏழு வால்யூம் என்று சொன்ன கதையில் ஐந்தாவது 2011 ஜூலையில் வந்தது. அப்போது இவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. இப்போது மகள் ஏழாம் வகுப்பு. ஆறாவது வரவில்லை. பேட்ரிக் ராத்ஃபஸின் மூன்று பாகக் கதையில் இரண்டாவது வந்ததும் அதே 2011, அதற்கும் மூன்றாவது வரவில்லை. இரண்டையும் அந்த ஒரே ஆண்டில் படித்தது தன் ஜாதகம் என்கிறார். ஆகவே அவர் இப்போது படிப்பது இன்னும் எழுதப்படாத புத்தகம். ஆச்சரியம் என்னவென்றால், கூட்டத்திலேயே தான் படிக்கும் புத்தகத்தைப் பற்றி அதிகமான, தெளிவான, ஆதாரத்தோடு கூடிய அபிப்பிராயங்கள் உள்ளவர் அவர்தான். அதில் யார் உயிரோடு வருவார், யார் யாருடைய மகன், எந்த அத்தியாயத்தை ஆசிரியர் முன்னோட்டமாக எங்கே வாசித்தார், எல்லாம் தெரியும். மார்ட்டின் இன்றும் பழைய டாஸ் கணினியில் வேர்ட்ஸ்டார் 4.0 என்ற மென்பொருளில்தான் எழுதுகிறார் என்பதை ஒரு சமாதானமாகச் சொல்வார். ஆள் மெதுவில்லை, மெஷின்தான் மெது. தொலைக்காட்சித் தொடர் புத்தகத்தை முந்திக்கொண்டு 2019இல் முடிந்துபோனதே என்று யாராவது நினைவூட்டினால், "அது முடிவே இல்லை" என்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

"ஏம்ப்பா, முடிக்காம எப்படிப்பா விக்கிறாங்க?" என்றார் பெரியம்மா. "கல்கி அஞ்சு பாகம் எழுதினார். வாராவாரம். முடிச்சாரே."

'பொன்னியின் செல்வன்' 1950இல் தொடங்கி 1954இல் முடிந்தது. அதே 1954 ஜூலையில்தான் டோல்கியனின் முதல் பாகம் இங்கிலாந்தில் கடைக்கு வந்தது. இதைச் சொன்னதும் பெரியவர் முகம் மலர்ந்தது. ஜோதிடரிடம் பொருத்தம் பார்த்து வந்தவரைப்போல இரண்டு தேதிகளையும் குறித்துக்கொண்டார்.

மார்ட்டின் வாசகர் விடவில்லை. ஆசிரியர்கள் நடுவில் போய்விடுவதும் உண்டு என்றார். ஜோர்டன் 2007இல் இறந்தார், கடைசி வால்யூம் பாக்கி. மனைவி ஹாரியட் மெக்டூகல்தான் அவருடைய எடிட்டரும். அவர் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்து, இருந்த குறிப்புகளைக் கொடுத்தார். ஒரே வால்யூமில் முடியும் என்று ஜோர்டன் சொல்லிப்போனது மூன்று வால்யூம் ஆனது.

"கல்கிக்கும் 'அமரதாரா' பாக்கி நின்னுது. பொண்ணு ஆனந்தி அப்பாவோட குறிப்பை வச்சு முடிச்சா" என்று பெரியம்மா டம்ளர்களை அடுக்கினார். "ஒண்ணு மூணாகலை."

ஒரு பெண் இருக்கிறாள், சி.ஏ. படிக்கிறவள். கூட்டத்தில் அவளுக்குக் கடைசி முறைதான். அவள் கையிலிருந்தது ரெபெக்கா யாரோஸின் டிராகன் கதை. 2023இல் முதல் புத்தகம் வந்து உலகெங்கும் விற்றுத் தள்ளிய வரிசை. போர்ப்பள்ளி, டிராகன், நடுவில் காதல்.

"எப்படி இருக்கு?"

"சூப்பரா இருக்கு. ராத்திரி மூணு மணிக்கு முடிச்சேன். அழுதுட்டேன்."

மாடியில் யாரும் பேசவில்லை. பல ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கேள்விக்கு நேராக வந்த பதில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒரு புத்தகத்தை எடுத்தாள், படித்தாள், முடித்தாள், பிடித்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. "அது ஃபேன்டஸி இல்லம்மா, காதல் கதை. டிராகன் சும்மா பக்கத்துல நிக்குது" என்றார் பெரியவர். அவர் அப்படித்தான் சொல்ல வேண்டும். டோல்கியன், அரகோர்ன் ஆர்வென் காதல் கதையைப் புத்தகத்தின் பின்னிணைப்பில் கொண்டுபோய் வைத்தவர். அவ்வளவு எடையுள்ள டிராகன் எந்த விதிப்படி பறக்கிறது என்று சாண்டர்சன் கட்சி கேட்டது. "இறக்கை இருக்கு சார்" என்றாள். பால்ராக் விவகாரம் திரும்பக் கிளம்பும்போலிருந்தது, வீட்டுக்காரர் வாழைக்காய் பஜ்ஜியை நீட்டி அடக்கினார்.

இவர்கள் அவளைப் பார்க்கும் பார்வையில்தான் மற்ற நாவல் வாசகர்கள் இவர்களைப் பார்க்கிறார்கள். "இன்னுமா மாயாஜாலக் கதை?" என்ற அந்தச் சிரிப்பில் பாதி வாழ்நாள் புண்பட்டவர்கள், தங்களுக்குக் கீழே ஒரு படி கிடைத்ததும் விடுவார்களா? டிராகன் புத்தகம் பெரியவரைத் தவிர எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்பது எனக்குத் தனியாகத் தெரியவந்தது. மார்ட்டின் வாசகர் அதை மகளுக்கு எட்டாத அலமாரியில் வைத்திருக்கிறார், அவ்வப்போது ஸ்டூல் போட்டு எடுக்கிறார்.

பெரியம்மா அந்தப் பெண்ணின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "முடிஞ்ச கதையா?"

"இல்ல பெரியம்மா. மூணு வந்திருக்கு. மொத்தம் அஞ்சு."

திருப்பிக் கொடுத்துவிட்டார். "எனக்கு வயசு எழுபத்தெட்டு. முடிஞ்சதா பார்த்து ஒண்ணு குடுங்க."

நான் அந்த மாடியில் பார்த்த உற்சாகம் எல்லாம் அதற்குமுன் சாதாரணம். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பெரியவர், முடிந்தது என்றால் 1955இல் முடிந்ததுதான் என்றார். மலாஸன்காரர் "பத்தும் வந்தாச்சு" என்று ஆரம்பித்தவர், மேலே சொல்ல வந்ததை நினைத்துத் தானே நிறுத்திக்கொண்டார். இதுவரை வாய் திறக்காத பள்ளி ஆசிரியர் ஒருவர் பையிலிருந்து டெர்ரி பிராட்செட்டை எடுத்தார். நாற்பத்தொரு நாவல், 1983 முதல் 2015 வரை, ஒவ்வொன்றும் தனித்தனிக் கதை, எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம், முதல் புத்தகத்தில் மட்டும் தொடங்கக்கூடாது என்று முகவுரை சொன்னார்.

"என்ன கதை?"

"தட்டையான உலகம் பெரியம்மா. ஒரு பெரிய ஆமை. அது மேல நாலு யானை. யானைங்க முதுகுல உலகம்."

பெரியம்மா முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "எட்டுல்ல இருக்கணும்? திக்குக்கு ஒண்ணு. மிச்ச நாலு எங்க?"

"அஞ்சாவது ஒண்ணு இருந்துச்சு. வழுக்கிக் கீழ விழுந்துடுச்சு. அது இருபத்துநாலாவது புத்தகத்துல வருது."

"அதைக் குடு."

ஆசிரியர் பையை மூடினார். "அதை நேரா படிக்க முடியாது. அந்தப் போலீஸ்காரங்க கதைல அதுக்கு முன்னாடி நாலு இருக்கு."